டேங்க் காலியாகும் வரை

என் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அடுத்தவர்களுக்கு என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று யோசித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, யோசனை நிற்கவில்லை. எங்கள் சின்னக் காரில் பெட்ரோல் முள் பாதிக்கு இறங்கினால் போதும், அது அவர் காலில் குத்தியது மாதிரி ஆகிவிடும். உடனே பங்க்குக்குப் போய் ரொப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்: இந்த வண்டி ஒரு டேங்க் பெட்ரோலில் எத்தனை கிலோமீட்டர் போகும்? விற்றவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாண்டி பஜாரைப் பார்த்திராதவர்கள் போட்ட கணக்கு அது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். "ஒரு தடவை முழுசா ரொப்பி, நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "நிக்கிற வரைக்கும்னா?"

"நிக்கிற வரைக்கும்தான்."

"நடுரோட்டுல நின்னா?"

"நிக்கட்டுமே. அதுக்குத்தானே ஓட்டறது."

"எதுக்குன்னு கேக்கறேன்."

"தெரிஞ்சுக்கறதுக்கு."

அந்தப் பதிலை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மந்தைவெளியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் என்னை அழைத்துப் போனார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஒருக்கா பண்லாம்மா. அதையே வேலையா வச்சிக்கினா பம்ப்பு பூடும்." என் காதில் முதல் வாக்கியம் விழுந்தது. என் கணவர் காதில் இரண்டாவது.

டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, கிலோமீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு நாற்பது பக்க நோட்டும் போட்டேன். கனம் குறைய வேண்டும் என்று டிக்கியைத் திறந்தால், அங்கே ஒரு குடும்பமே குடியிருக்கலாம். கயிறு, இரண்டு குடை, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், பிளாஸ்டிக் முக்காலி, கொசு அடிக்கும் பேட்.

"கொசு பேட் எதுக்குங்க?"

"வண்டி எங்கயாவது நின்னுபோச்சுன்னா? உக்காந்திருக்கறப்ப கடிக்காதா?"

எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டு போய் வைத்தேன். அன்று முழுவதும் அவர் கொஞ்சம் வாட்டமாகத்தான் இருந்தார்.

இதற்கென்று எங்கும் போகவில்லை, வழக்கமான போக்குவரத்துதான். மயிலாப்பூர் மாடவீதியில் காய்கறி, தி.நகரில் ரவிக்கைத் துணி, அடையாறில் பல் டாக்டர், பெருங்குடியில் அவருடைய தம்பி வீடு. முள் கால் பங்குக்கு வந்தபோது அவர் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்கள் இருபது வருடமாகக் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இவ்வளவு தூங்குமூஞ்சி மரங்கள் இருப்பது அந்த வாரம்தான் தெரிந்தது என்றார்.

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. நானூறு கிலோமீட்டர் தாண்டியது, முள் இறங்கவில்லை. நானூற்று ஐம்பது. நானூற்றுத் தொண்ணூறு. முள் அதே இடத்தில் அடமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய டீச்சர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிலோமீட்டரைப் படம் பிடித்துப் போட்டேன். ஃபிசிக்ஸ் டீச்சராக இருந்தவர் மட்டும், "ஏசி போடாமலா?" என்று கேட்டார். "போட்டுத்தான்" என்றேன். "சாத்தியமில்லை" என்றார். கிளட்ச்சை மென்மையாக விடுவது பற்றி அவருக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். பத்தி பிரித்து, எண் போட்டு.

மறுநாள் டயருக்குக் காற்றடிக்க அடையாறு பங்க்குக்குப் போனேன். பெட்ரோல் போடுபவர் வண்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாம்மா, மறுபடியுமா? நேத்து காலைலதான சார் வந்து அஞ்சு லிட்டர் போட்டுக்கினு போனாரு."

வீட்டுக்கு வந்தேன். அவர் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை லிட்டர்?" என்றேன்.

என்ன எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவில்லை. "அஞ்சு" என்றார். கையிலிருந்த காம்பை உருவி முடித்துவிட்டு, "ரெண்டு தடவை" என்றார்.

"எப்போ?"

"கறிவேப்பிலை வாங்கப் போனப்போ."

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இரண்டு வாரமாக இந்த வீட்டில் கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு வரத்து என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பெட்ரோலுக்காக எனக்குக் கோபம் இல்லை. அந்த எண் போட்ட செய்திக்காகத்தான். குழுவில் உண்மையை எழுதினேன். ஃபிசிக்ஸ் டீச்சர் ஒரே ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அதன் பிறகு மூன்று நாள் வீட்டில் பேச்சு 'சாப்பாடு ரெடி', 'பால் வந்தாச்சு' என்ற அளவோடு நின்றது.

மூன்றாம் நாள் அவராகவே வந்து கார் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"திரும்பவும் ஆரம்பி. சாவிய நீயே வச்சுக்கோ."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"நீ தனியா போறப்ப நின்னுட்டா என்ன பண்ணுவேன்னு..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"அப்போ கடைசில நீங்களும் கூட வாங்க" என்றேன். பேச்சு பழையபடி ஆனது.

இரண்டாம் முறை ஒழுங்காக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டில் பெட்ரோல் முள்ளருகே மஞ்சள் விளக்கு எரிந்தது. தூரமாகப் போக வேண்டாம், தெரிந்த ரோட்டிலேயே நிற்கட்டும் என்றார். அதனால் வட்டமடித்தோம். சாந்தோம், நொச்சிக்குப்பம், கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, திரும்பவும் சாந்தோம். ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கும் கூட்டம். வண்டி ஊர்ந்துதான் போகும். முதல் சுற்றில் ஒரு மீன்காரம்மா பலகையைத் தட்டி, "வஞ்சிரம் கீது பாரு சார்" என்றார். இரண்டாம் சுற்றில் எங்களையே பார்த்தார். மூன்றாம் சுற்றில் ஜன்னலருகே குனிந்தார்.

"இன்னாம்மா, வழி தெர்லியா?"

"பெட்ரோல் எப்பத் தீரும்னு பாக்கறோம்" என்றார் என் கணவர்.

"தீந்தா?"

"நின்னுடும்."

அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் நிறைய இரக்கம் இருந்தது.

ஐந்தாம் சுற்றில், சரியாக அந்தம்மாவின் பலகைக்கு எதிரே, வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. நானூற்று முப்பத்து ஒன்று. பின்னால் ஹாரன் சத்தம். மீன்காரம்மா எழுந்து நின்று தெருவுக்கே அறிவித்தார்: "தீந்து பூட்சி!"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். நான்கு மீன்காரப் பெண்களும் அவருமாகத் தள்ளி, வண்டியை ஒரு படகின் ஓரத்தில் சேர்த்தார்கள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பயந்திருப்பார் என்று பார்த்தேன். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் மீன்காரம்மாவின் வீட்டுக்காரர். பங்க்கில் பாட்டிலில் தரமாட்டார்கள் என்று சொல்லி, தன் பைக்கின் ட்யூபைப் பிடுங்கி ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடிக்க ஆரம்பித்தார். என் கணவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கடல்ல உங்களுக்கு இப்படித் தீந்துபோனா?"

"எப்பனா ஆவும் சார். துணிய ஆட்டுவோம். வேற போட்டு ஒண்ணு வந்து கட்டி இஸ்துக்கினு வரும்."

"வரலைன்னா?"

"வரும் சார்."

"ஒருவேளை வரலைன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி ஏதும் இல்லை. இப்படியும் ஒருவர் கேட்பாரா என்ற யோசனைதான். "நாங்க போறோம்ல சார், மத்தவனுக்குத் தீந்தா?"

என் கணவர் பாட்டிலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் அதற்கு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

பெட்ரோலை ஊற்றியதும் வண்டி மூன்றாவது முயற்சியில் உயிர் பெற்றது. மீன்காரம்மா சங்கரா மீன் ஒரு கிலோ ஆய்ந்து தந்தார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. மடியில் மீன் பையோடு என் கணவர் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போன் போட்டார். வண்டி நின்றது, தள்ளியது, கடலில் துணி ஆட்டுவது என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அந்தக் கதையில் இந்த யோசனை அவருடையது. வண்டியை ஓட்டியதும் அவரே.

சாந்தோம் சிக்னலில் பச்சை விழுந்திருந்தது; கிளட்ச்சை மென்மையாக விட்டேன்.