பத்மாசினி திருத்திய வரி

"1993 ஜூலை 15, வியாழக்கிழமை. ஸ்ரீலட்சுமி என்னிடம் சொல்லாமல் போனாள்."

காலை ஒன்பதே காலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டதும் பத்மாசினி முதலில் திறப்பது, 2000-ஆம் வருடத்தில் இந்த வரி மட்டும் இருந்த கோப்பைத்தான். வாய்க்குள் ஒருமுறை படிப்பார். "இன்னைக்கு மாத்த ஒண்ணுமில்ல" என்று மூடுவார். பிறகு கொண்டையில் பூவைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு அடிக்க வேண்டிய ஆய்வேட்டை எடுப்பார்.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய டைப்பிங் கடை. மானிட்டரின் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு. கீபோர்டு மேல் பழைய பட்டுச் சேலையில் தைத்த உறை. அவர் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.; தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு. இதுவரை நூற்றிருபது பேரை டாக்டராக்கி அனுப்பியிருப்பதாகக் கணக்குச் சொல்வார்.

பதினெட்டு வருடம் டைப்ரைட்டரில் இருந்த கை. ஆணி அடிப்பது போலத் தட்டுவதால் வருடத்துக்கு இரண்டு கீபோர்டு வீணாகும். வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து, டைப்ரைட்டரை அடுத்த வரிக்குத் தள்ளும், இப்போது இல்லாத ஒரு கம்பியைத் தள்ளிவிட்டு வரும். அடிக்கும்போது நிமிரவே மாட்டார். வாசலில் யார் வந்து நின்றாலும், "சொல்லுங்க, காது இங்கனதான் இருக்கு" என்று திரையைப் பார்த்தபடியே பதில்.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2000-இல் ஆனையூருக்குத் திரும்பிய நான், ஒன்பது நோட்டுகளில் இருந்த பயணக் குறிப்புகளை அடித்து வாங்க அவரிடம் போனேன். மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"'இந்த ஊர் மக்கள் வெள்ளை மனசுக்காரர்கள்'னு போட்டிருக்க. எம்புட்டு நாள் இருந்த?"

"ரெண்டு நாள்க்கா."

"ரெண்டு நாள்ல மனசு தெரிஞ்சிருச்சா? இதுக்கு ஆதாரம் எங்க?"

வேறு வழியில்லாமல், 'இரண்டு வீடுகளில் எனக்குச் சோறு போட்டார்கள்' என்று மாற்றினேன். அதுதான் நடந்தது.

ஆதாரம் கேட்கும் பழக்கம் ஆய்வேடுகளை அடித்து அடித்து வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் ஒரு குறிப்பு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பிவிடுவார். டைப்ரைட்டர் காலத்தில் பத்மாசினிக்கு அந்தச் சிவப்பு வட்டம் என்றாலே ஆகாது. ஒரு வரியை மாற்ற ஒரு பக்கத்தையே திரும்ப அடிக்க வேண்டும். "யோசிச்சு முடிச்சிட்டு வாங்க தம்பி. இங்க வந்து யோசிக்காதீங்க" என்று விரட்டுவாராம்.

அப்போது கடையில் இரண்டு மெஷின், இரண்டு பேர். அடுத்த மெஷினில் தங்கை ஸ்ரீலட்சுமி. அவள் மாலை நேர வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, கடைக்கும் ஒன்று வாங்கலாம் என்று ஒரு வருடம் கேட்டாள். "வேலை பாக்குற எடத்துல டிவி பொட்டி எதுக்குடி?" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில். ஒரு வியாழக்கிழமை காலை அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். பாதியில் நின்ற ஆய்வேட்டின் நூற்று நாற்பது பக்கத்தையும் நான்கு நாளில் பத்மாசினி தனியாளாக அடித்து முடித்தார். தீபாவளிக்குத் தீபாவளி தங்கையிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். இவர் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று வருடம் கழித்து, மற்ற கடைகளெல்லாம் மாறிய பிறகு, அவரும் கம்ப்யூட்டர் வாங்கினார். தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஏதாவது அடியுங்கள் என்றார் அதைப் பொருத்த வந்தவர். அத்தனை வருடமும் அடுத்தவர் வாக்கியங்களையே அடித்த கைக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது: "ஸ்ரீலட்சுமி என்னை ஏமாற்றிவிட்டுப் போனாள்."

மறுநாள் காலை திறந்தால் அது அங்கேயே இருந்தது.

"யாரோ எழுதிக் குடுத்த மாதிரி நின்னுச்சு. நானும் பழக்கத்துல, இதுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்டேன். அவ எடுத்துட்டுப் போனது நாலு சேலையும் ஒரு குடையும். கடைச் சாவிய ஆணில மாட்டிட்டுத்தான் போயிருக்கா. இதுல ஏமாத்து எங்க இருக்கு?"

'என்னை ஏமாற்றிவிட்டு' என்பதை எடுத்துவிட்டு 'என்னிடம் சொல்லாமல்' என்று போட்டார்; முன்னால் தேதியையும் சேர்த்தார். அடித்த தடமும் அழித்த தடமும் இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி எதற்கென்று புரிந்தது என்பார்.

"கம்ப்யூட்டர் வந்தா மூளை மழுங்கிரும்கிறாங்க. எனக்கு முப்பத்தொம்பது வயசுலதான் மூளை இருக்கிறதே தெரிஞ்சுது. மெஷின்ல அடிச்சா அடிச்சதுதான். அதுக்குப் பயந்துக்கிட்டு நெனச்சதையும் மாத்தாமலே வச்சிருந்தேன்."

இந்த வைத்தியத்தை மற்றவர்களுக்கும் செய்வார். நெறியாளரைத் திட்டிக் கடிதம் அடிக்க வருகிறவரிடம், "அடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு வந்து படிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கோங்க" என்பார். முக்கால்வாசிப் பேர் எடுப்பதில்லை.

'சொல்லாமல்' நான்கு வருடம் அசையவில்லை. அசைத்தவர், நான் நோட்டுகளோடு கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் வந்த ஆண்டிச்சாமி என்ற ஆராய்ச்சி மாணவர். பழைய பிரதியைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டு, பத்மாசினி அதை முப்பது பக்கம் அடிக்கும் வரை பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"வாயத் தொறந்து சொன்னா என்ன தம்பி?"

"பயமா இருந்துச்சுக்கா."

"நான் என்ன புலியா?"

ஆண்டிச்சாமி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார். நான் சிரித்துவிட்டேன். பத்மாசினி சிரிக்கவில்லை. மறுநாள் காலை கோப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு வரி மாறியது: "ஸ்ரீலட்சுமி பயந்து, என்னிடம் சொல்லாமல் போனாள்."

"யாரப் பாத்து பயந்தான்னு போட வேணாமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆதாரம் அவகிட்டதான இருக்கு."

அந்த வருடத் தீபாவளி அட்டையின் மூலையில் ஸ்ரீலட்சுமி தன் ஈமெயில் முகவரியைக் குறித்திருந்தாள். பத்மாசினி அந்த வரியை அப்படியே இணைத்து, கீழே 'இது சரியா?' என்று மட்டும் கேட்டு அனுப்பினார். ஏழு வருடத்தில் தங்கைக்கு அவர் எழுதிய முதல் இரண்டு சொற்கள். அனுப்பியதும் இடது கை உயர்ந்து, இல்லாத கம்பியைத் தள்ளியது.

பதில் வரவில்லை. தினமும் மதியம் டெலிபோன் கம்பியை மாட்டி, மோடம் கத்தி ஓய்வதற்காகக் காத்திருந்து பார்ப்பார். மாதங்கள் போயின. நான் கவலைப்பட்டால் என்னைத் தேற்றுவார்: "கைடு திருத்திக் குடுக்க நாளாகத்தான் செய்யும். வராமப் போகாது."

பதினைந்து மாதம் ஆயிற்று. 2002 மார்ச்சில் ஒரு மதியம் வந்தது. அக்கா தங்கை இருவரும் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். பத்மாசினி முதலில் தனக்குள் படித்தார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்:

"அக்கா, 'பயந்து' சரிதான். 'என்னிடம் சொல்லாமல்'ங்கிறத எடுத்துரு. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு, 'பெங்களூருக்குப் போறேன், வேலை கெடச்சிருச்சு'ன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீ அடிச்சுக்கிட்டே 'சரி, சரி'ன்ன. நிமிரல. இத ஒங்கிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு இம்புட்டு நாளா யோசிச்சேன்."

பத்மாசினி கோப்பைத் திறந்து அந்த இரண்டு சொற்களையும் எடுத்தார். பிறகு பாதி அடித்துக் கிடந்த ஆய்வேட்டைத் தூக்கி முன்னால் வைத்து, வழக்கம்போலத் தடதடவென்று அடிக்கத் தொடங்கினார்.

வாசலில் ராமக்காள் என்ற புது மாணவி வந்து நின்றாள். கையில் கையெழுத்துப் பிரதி. "அக்கா..." என்றாள், கேட்டும் கேட்காமலும்.

சத்தம் நின்றது. பத்மாசினி இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாற்காலியை முழுதாக வாசல் பக்கம் திருப்பி, அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லும்மா."