பதினாறு டிகிரி

இயற்பியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் ஒரு பிராக்டிகல் தேர்வைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம். எங்கள் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இது சொந்த ரோல் நம்பரைவிட நன்றாகத் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற கோணத்தைப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கோணம் அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சும்மா நிற்கும்.

அவர்களைப் பிடிக்க ஒரு குறும்பு செய்தேன். தேர்வன்று காலை, அங்குலத்துக்குப் பன்னிரண்டாயிரம் கோடுகள் கீறிய, ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங் கண்ணாடிகளில் பதினைந்தாயிரம் என்று லேபிள் ஒட்டினேன். உண்மையாக அளந்தால் கோணம் பதினாறு டிகிரி வரும், லேபிளை நம்பிக் கணக்குப் போட்டால் விடை தப்பாகும். 5893 எழுதியவர் அளக்கவே இல்லை என்று அர்த்தம். கடைசியில் வெளித் தேர்வாளரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மார்க்கைச் சரிசெய்துகொள்ளலாம் என்று திட்டம்.

ஆறு பேர் 5893 கொடுத்தார்கள். தேன்மொழி மட்டும் 4714. அது நீல ஒளியின் அளவு.

தேர்வாளர் மன்னார்குடிக்காரர். "என்னம்மா, உங்க ஊர்ல சோடியம் நீலமா எரியுதா?" என்றார். லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"மூணு தடவை பாத்துட்டேன் சார். இதான் வருது."

"மத்தவங்களுக்கெல்லாம் சரியா வந்திருக்கே!" என்னிடம் திரும்பினார். "லேபை பிரமாதமா வச்சிருக்கீங்க சார். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஃபெயில்."

ஃபெயிலானால் அவளுடைய எம்.எஸ்ஸி. சீட் போய்விடும். உண்மையைச் சொன்னால் ஆறு பேருடைய வண்டவாளமும் என்னுடையதும் வெளியே வரும். பாராட்டு வேறு காதில் இனித்துக்கொண்டிருந்தது. அவளிடம் குனிந்து, "பதினாறை இருபதா மாத்தும்மா, 5893 வந்துடும்" என்றேன்.

"பாக்காததை எப்படி சார் எழுதறது?"

"எழுதும்மா."

பதினாறைப் பேனாவால் அவள் அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. பாஸாகிவிட்டாள்.

போன மாதம் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் துறைத்தலைவி. காபியைக் குடித்தபடி, "நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் சார் நானும் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். ஆன்சர் வரலைன்னா கோணத்தை மாத்திக்கங்கன்னு" என்று சிரித்தாள்.

லேபிள் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அப்ப அந்தப் பதினாறு சரிதானா சார்?"

"அன்னைக்கு அந்த லேப்ல சரியா இருந்தது அது ஒண்ணுதாம்மா."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

இளம் ஆசிரியர்களே, விடையைப் பார்த்து மார்க் போடாதீர்கள். எத்தனை தடவை பார்த்தாய் என்று கேளுங்கள். எனக்குக் கேட்கும் வேலைகூட இருக்கவில்லை. அவளே சொன்னாள், மூன்று தடவை என்று.