எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை

எங்கள் வீட்டில் அத்தையிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய வலப்பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். செருப்பை வாசலில் கழற்றுவதுபோல, சாமி படத்துக்கு முன்னால் கால் நீட்டாமல் உட்காருவதுபோல, அதுவும் ஒரு வழக்கம் என்றே எட்டு வயது வரை நினைத்திருந்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போனால், அங்கிருக்கும் அத்தைகளிடம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திகைத்ததும் உண்டு.

அத்தை அப்பாவின் தங்கை. சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடது காது முழுவதுமாகப் போய்விட்டது. வலது காது பாதி கேட்கும். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இயந்திர இரைச்சலில் அங்கே எல்லாருமே கத்தித்தான் பேசுவார்களாம். அதனால் தனக்கு அது சொர்க்கம் என்பார்.

தோட்டத்தில் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டை விட்டு ஈஜோக்கில் ஒரு வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்திருந்த சமயம். அத்தைக்கு வந்த முதல் சம்பந்தம், காது விஷயம் தெரிந்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று நழுவிப் போயிருந்தது. அதனால் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து இன்னொரு வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னபோது, அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்டால் மட்டும் சொல்வது. வருகிறவர்கள் சமையல் தெரியுமா என்று கேட்பார்கள். காது கேட்குமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. இருந்தாலும் அம்மா சொன்னபடி நாற்காலிகளை நகர்த்திப் போட்டார். அத்தையின் இடப்பக்கம் சுவர் வரும்படி ஏற்பாடு. வலப்பக்கம் நான். யாராவது எதுவும் கேட்டு அத்தைக்குப் புரியாவிட்டால், நான் காதோடு சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மழையோடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சுவரோர நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து எழுந்திருக்கச் சொல்ல முடியுமா? அத்தை கூடத்தின் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று.

"எனக்கு இவன் ஒரே புள்ள" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சிறிய குடும்பம் என்பதில் அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. தேநீரும் உளுந்து வடையும் வந்தன. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வெளியே இரும்புக் கதவை யாரோ தட்டினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த மலாய்ப் பெண். முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். அம்மா கண்ணாலேயே எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அப்பாவோ, "மழையில நிக்கறாங்க, பாவம்" என்று அவரை உள்ளே அழைத்து, அத்தையின் இடப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டார்.

அவர் கேட்டதெல்லாம் மலாயில்தான். நினைவிலிருப்பதைத் தமிழில் சொல்கிறேன். பெயர்கள், வயது, வேலை எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் ஓகேயூ யாராவது உண்டா என்றார். உடற்குறை உள்ளவர்களை இங்கே மலேசியாவில் அப்படித்தான் சொல்வார்கள்.

"தாடா" என்றார் அம்மா, கேள்வி முடிவதற்குள். இல்லை, யாருமில்லை.

அந்தப் பெண் சிரித்தார். "கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் இல்லை, அக்கா. பார்க்க, கேட்க, நடக்கச் சிரமப்படுகிறவர்களும்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தாடாதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் உள்ளேயிருந்து ஒருவர் வருகிறார்."

"எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை" என்றார் அம்மா.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. எல்லார் முகமும் இறுகிப்போனதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

எனக்குக் கொடுத்த வேலை அதுதானே. மழையையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னேன். "காது கேக்காதவங்க யாராச்சும் வீட்டுல இருக்காங்களான்னு கேக்கறாங்க அத்தை!"

அம்மா கையிலிருந்த வடைத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "அடா. சாயா" என்றார். இருக்கிறேன், நான்தான். அதையே மாப்பிள்ளையின் அம்மாவிடம் தமிழிலும் சொன்னார். "எனக்கு இந்தக் காது சுத்தமா கேக்காதுங்க. அந்தக் காது பாதிதான். சொல்லாம இருந்தது எங்க தப்பு."

எல்லாம் போயிற்று என்று அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பேசியது எங்களிடமல்ல, கணக்கெடுக்க வந்தவரிடம், மலாயில்.

"எங்க வீட்டுக்கும் வந்தாங்கம்மா. ஒருத்தன விட்டுட்டேன். இப்ப சேத்துக்கலாமா?"

"அம்மா..." என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருடா. இந்தப் பொண்ணு வாயத் தொறந்து சொல்லுது. பெத்தவ நான் மறைச்சிட்டு உக்காந்திருக்கேன்." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. சின்னவனுக்குப் பேச்சு வராது. கைக்குழந்தை மாதிரி. கணக்கெடுக்க வந்தப்போ பின்னறையில வெச்சுக் கதவச் சாத்திட்டேன்." அவர் அழத் தொடங்கினார்.

மாப்பிள்ளை எழுந்து அத்தையிடம் ஏதோ சொன்னார். அத்தை தன் வலப்பக்கத்தைக் காட்டினார். நான் விலகிக்கொள்ள, அவர் அந்தப் பக்கம் வந்து திரும்பவும் சொன்னார். "அவனுக்குச் சோறு நான்தான் ஊட்டணும். கல்யாணத்துக்கு அப்புறமும் அவன் நம்மகூடத்தான் இருப்பான். இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இந்த மழையில அவரத் தனியா விட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல, பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கறாங்க."

"அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

கணக்கெடுக்க வந்த பெண், அந்தப் பகுதிக்கு வேறு ஆள் என்றும், அவரிடம் சொல்லிச் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். பிறகு வழக்கப்படி, "வேறு யாராவது?" என்றார்.

அப்பா மெல்லக் கையை உயர்த்தினார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது தூசி விழுந்ததிலிருந்து வலது கண் மங்கல்தான் என்றார்.

"இத என்கிட்ட சொல்லவே இல்லையே லா!" என்று அம்மா கத்தினார். முதலில் சிரித்தது அத்தை. பிறகு எல்லாருமே சிரித்தார்கள், அழுதுகொண்டிருந்தவர் உட்பட. வடை மறுபடி சுற்றி வந்தது. அந்த மலாய்ப் பெண்ணும் இரண்டு தின்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மணவறைக்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளையின் தம்பிக்கும், எங்கள் சின்ன மாமாவுக்கும், ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மேளச் சத்தம் பிடிக்காமல் அவர் காதைப் பொத்திக்கொள்ள, அத்தை அவரைப் பார்த்துத் தன் காதைக் காட்டிச் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. பின்னறையில் இருந்தாலும், இரண்டே பிள்ளைகளில் ஒருவரை எண்ணாமல் விட யாரால் முடியும்? அம்மாவிடம் கேட்டதற்கு, "மறந்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டார். நானும் நம்பிவிட்டேன். அதன்பிறகு பல வருடங்கள், அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், அத்தையின் மாமியாரிடம் கார்வரை ஓடிப்போய் நினைவூட்டுவேன்.

"சின்ன மாமாவ மறந்துட்டுப் போயிடாதீங்க."

"இனிமே மறக்க மாட்டேன், கண்ணு" என்பார் அவர், ஒவ்வொரு முறையும்.