கூலோமை எடை போட்ட நாள்

ஆசிட் நெடி... கூடவே என் கால்சட்டையில் அன்றைக்குப் புதிதாக விழுந்த ஓர் ஓட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் ஜாசின் ஊரில், ஒரு பட்டறையில் பேட்டரி சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஊருக்கே தெரியும். சில இடங்களில் ஓட்டை வழியாகவும் தெரியும்.

பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தலைமைக் கணக்கர், அதாவது பெரிய கிராணி, ஒரு ரேடியோ வாங்கினார். கரண்ட் இல்லாத வீடு, பேட்டரியில்தான் பாடும். இருபது ஆம்பியர்-அவர் பேட்டரி. ரேடியோ குடிப்பது அரை ஆம்பியர். நாற்பது மணி நேரம் பாடணும். தினம் இரண்டு மணி கேட்டால் இருபது நாள்.

பத்தே நாளில் செத்துத் திரும்பி வந்தது. மூன்று தடவை!

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்திலும் மரியாதை குறையாது.

"நீர் பாதிதான் சார்ஜ் போடுறீர் காணும்!"

முதலாளி என்னைப் பார்த்தார். "முழுசாப் போட்டேன்னு காட்டு. இல்லன்னா நாளையிலேருந்து வராத லா."

எப்படிக் காட்டுவது? மின்சாரம் என்ன, மங்குக் கிண்ணத்தில் வடிந்த ரப்பர் பாலா, எட்டிப் பார்க்க?

அட்டை போன ஒரு புத்தகம் காப்பாற்றியது. ஓர் ஆம்பியர் ஒரு விநாடி ஓடினால் ஒரு கூலோம். ஒரு மணி நேரம் ஓடினால் மூவாயிரத்து அறுநூறு கூலோம். அதற்கு இன்னொரு பெயர்தான் ஆம்பியர்-அவர். அதை மயில்துத்தத் தண்ணீரில் ஓடவிட்டால் தகட்டில் பதினெட்டு கிரெயின், அதாவது ஒரு கிராமுக்குச் சற்று மேல், செம்பு ஒட்டும்.

"எழுபத்திரண்டாயிரம் கூலோம் போட்டிருக்கேங்கய்யா!" என்றேன். தொகை பெரிசு, நெஞ்சும் தானாக நிமிர்ந்தது.

"உந்தக் கதையை வேறை ஆரிட்டையாவது சொல்லும்" என்றார் கிராணி.

அந்தச் செம்பை நிறுத்தே காட்டுவதென்று முடிவு செய்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மயில்துத்தமும் இருந்தது, மருந்துத் தராசும் இருந்தது. வழக்கம்போல் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். நான் கைவைத்துவிடுவேனோ என்று கிராணி பேட்டரியை வண்டியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். இறங்கும்போது அவர் வெள்ளைக் கால்சட்டையிலும் ஓர் ஓட்டை!

காலை ஆறு மணிக்கு, மயில்துத்தத் தண்ணீரில் தொங்கிய செம்புத் தகடுகளோடு பேட்டரியை இணைத்தேன். நாலு மணிக்கு பேட்டரி ஓய்ந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் தகட்டைக் கழுவி, உலர்த்தி, நிறுத்தார். காலையில் இருந்த எடையைக் கழித்தார். முழு சார்ஜ் என்றால் முந்நூற்றறுபது கிரெயின் வரணும். பாதி என்றால் நூற்றெண்பது.

"முந்நூத்தி அம்பத்திரண்டு."

நான் கத்தியதில் வார்டில் இருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பாதி எங்கை போனது?" என்றார் கிராணி.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி... இவர் ஒபிஸுக்குப் போனபிறகு நாங்கள் நாலைஞ்சு பொம்பிளையள் ரெண்டு மணித்தியாலம் பாட்டுக் கேக்கிறனாங்கள். அதுக்கும் உந்தக் கூலோம் குறையுமோ?"

ஓரமாகத்தான் கேட்டார். ஆனால் கிராணிக்கு நல்ல காது.

மறுவாரம் பட்டறைக்கு இரண்டு பேட்டரிகள் வந்தன. ஒன்றில் கிராணியின் பெயர். இன்னொன்றில் அவர் மனைவியின் பெயர், அந்த அக்காவின் கையெழுத்திலேயே. "இரண்டுக்கும் உங்கட பட்டறைத் தம்பிதான் சார்ஜ் போடவேணும்" என்று முதலாளிக்குக் கிராணியின் சீட்டு வேறு!

இப்போது வீட்டுக்கு வீடு கம்பியில் கரண்ட் வருகிறது. வீட்டுக்குள் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை... என்னைப் போன்ற பெரிய மனிதர்களுக்கும் வேலை இல்லை.