மூன்று மருந்தும் ஒரு விசாரணையும்

எங்கள் தோட்டத்தில் தூங்கத் தெரியாத ஆள் என்றால் அது நான்தான். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து அரைப்பது ராத்திரி வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையைத்தான் பார்த்து வந்தேன். பிறகு புது மெஷின் வந்தது, என்னைப் பகலில் தூள் சலிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். என் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. இருட்டினால் அது வேலைக்குக் கிளம்பி நிற்கும். பகலில் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகும்.

வெகுகாலம் இதை யாரும் வியாதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோரும் கேலி பேசினார்கள். "நீங்க இருக்கையில எங்களுக்குக் காவக்காரன் எதுக்குண்ணே?" என்றார்கள். பிரஜாவுரிமை விசாரணைக்கு நுவரெலியாவில் அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் என் தூக்கம் எல்லோருடைய பிரச்சினையாகவும் ஆனது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, நாங்கள் இந்த நாட்டு மனிதர்கள் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. வேண்டுமென்றால் மனுப் போடலாம், இங்கேயே விடாமல் குடியிருந்ததை நிரூபிக்கலாம். என் மனுவிலேயே என் மனைவியின் பெயரும் மூன்று பிள்ளைகளின் பெயரும் இருந்தன. நான் சொல்லும் பதில்தான் ஐந்து பேருக்கும் பதில். அதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. நான் இதே தோட்டத்தில் பிறந்தவன். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று இருந்தேன்.

மற்றவர்கள் அப்படி இருக்கவில்லை. "தூங்காத கண்ணோட போய் நின்னீங்கன்னா திருட்டு முழி முழிக்கிற மாதிரித் தெரியும். நல்லாத் தூங்கி எந்திரிச்சுத் தெளிவாப் போங்க" என்றாள் என் மனைவி. ஆக, நாட்டுக்காக நான் தூங்க வேண்டியதாயிற்று.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து வாங்க நாமே போத்தல் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனது பழைய சாராயப் போத்தல். டிஸ்பென்சர் ஐயா அதை முகர்ந்து பார்த்து என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு மிக்ஸர் என்கிற தண்ணீர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரம் வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுத்தார். "இதைத் தவிர வேற எதையும் குடிச்சிடாத" என்று கண்டிப்பாகச் சொன்னார். சாராயத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மிக்ஸர் கொஞ்சம்தான் வேலை செய்தது. பூண்டுலோயாவில் சாமான் வாங்கும் கடையில் இதைச் சொன்னதும், முதலாளி உள்ளே போய் ஒரு சின்ன மாத்திரைக் குப்பியோடு வந்தார். "எங்க உம்மாவுக்கு டவுன் டொக்டர் குடுத்தது. ஒண்ணு போட்டா வீடு இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது" என்றார். நல்ல மனிதர், பாதிக் குப்பியை என் கையில் கொட்டினார். வேண்டாம் என்றால் அவருடைய உம்மாவையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

மூன்றாவது ஆள் என் மாமனார். பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். மருமகனுக்குத் தூக்கம் இல்லை என்று கேள்விப்பட்டதும் வேரும் பட்டையும் இடித்துச் சூரணம் கொண்டுவந்துவிட்டார். "மாப்புள, இது பாலோட ரெண்டு வேளை. ஒரு மண்டலத்துக்குப் புளி ஆகாது, மொளகா ஆகாது. உப்பு வாயிலயே வைக்கக் கூடாது. பத்தியம் கெட்டா மருந்து கெட்டுச்சு" என்றார். மாமனாரிடம் மறுத்துப் பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மூவரில் எவருக்கும் மற்ற இருவரைத் தெரியாது. மூன்றையும் அறிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவள் மூன்றையும் வேளை தவறாமல் கொடுத்தாள். சோறும் பருப்பும் உப்பில்லாமல் வந்தன. மிக்ஸர் மட்டும் உப்புக் கரித்தது. அதனாலேயே அது எனக்குப் பிடித்துப் போயிற்று, காகிதத்து அளவைத் தாண்டியும் சில வேளை குடித்தேன்.

தூக்கம் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. கூடவே வேறு சிலதும் வந்தன. இருபது வயதில் வராத பருக்கள் நெற்றி நிறைய வந்தன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. லயத்துப் படியில் இறங்கும்போது படி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டு, பட்டப்பகலில் குடித்துவிட்டு ஸ்டோருக்கு வந்தால் பெயரை வெட்டிவிடுவேன் என்றார். நான் மருந்துதான் குடிக்கிறேன் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

கனவும் வந்தது. தினமும் ஒரே கனவு. நானுஓயாவில் ரயில் ஏறுவேன், கப்பல் ஏறுவேன், இந்தியாவில் என் அப்பா பிறந்த ஊரில் போய் இறங்குவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரோ மோர் கொடுப்பார்கள். குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். கொஞ்ச நாளில் இது கனவு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. ஸ்டோரில் நிற்கும்போது வாயில் மோர் புளிக்கும்.

விசாரணை நாளன்று மனைவியும் பிள்ளைகளும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்கள். விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். என் பெயரைச் சரியாகச் சொன்னேன். பிள்ளைகளின் பெயர் கேட்டதற்கு இரண்டைச் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. மனைவி முணுமுணுத்தாள். அவளைப் பேசக் கூடாது என்றார்கள்.

"இந்த நாட்டை விட்டு எப்போதாவது வெளியே போயிருக்கிறீரா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"போயிருக்கேங்க."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். ஏன் பிடிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"எங்கே?"

"இந்தியாவுக்குங்க."

"கடைசியாக எப்போது போனீர்?"

"நேத்துங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

"யாரும் கேக்கலீங்க. அப்படியே விட்டுட்டாங்க" என்றேன். அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்த்து, உதவியாக இருக்கட்டுமே என்று, "மோரு நல்லா இருந்துச்சுங்க" என்றும் சொன்னேன்.

"ஐயா, இவரு கொழும்பைக்கூடப் பாத்ததில்லீங்க! மருந்து குடிச்சிருக்காருங்க!" என்று என் மனைவி கத்தினாள். மனுதாரர் நான்தான், அவள் இல்லை. அவள் சொன்னதை யாரும் எழுதவில்லை. எங்களை வெளியே அனுப்பினார்கள்.

அவள் என்னை நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் என்னைத் திட்டினாள். வேளை தவறக் கூடாதென்று பையில் மூன்று மருந்தையும் கொண்டுவந்திருந்தாள். அவற்றை டொக்டரின் மேசையில் நங்கென்று வைத்தாள். அவர் மிக்ஸரை முகர்ந்தார், மாத்திரையைப் பார்த்தார், என் நெற்றிப் பருவைப் பார்த்தார். பிறகு என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார்.

"உப்பில்லாச் சோறுங்க. பத்தியம்."

டொக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மிக்ஸரில் இருப்பதும் ஒரு வகை உப்புத்தானாம். சோற்றில் உப்பு இருந்தால் அது இதை வெளியே தள்ளிவிடுமாம். நாங்கள் உப்பை நிறுத்தியதும், கிடைத்ததை விடக் கூடாதென்று உடம்பு மிக்ஸரை உள்ளேயே சேர்த்துவைத்துக்கொண்டதாம். அதற்கு மேல் மாத்திரை வேறு. "தனித்தனியாகக் குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்றார். அவர் கொடுத்த மருந்து உப்புத்தண்ணீர். குடிக்கக் குடிக்கக் கண்ணில் நீர் வந்தது. அத்தனை ருசி.

கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி திரும்பியது. கடைசிப் பிள்ளையின் பெயர் ஒரு காலையில் தானாக வந்தது. அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவனுக்கே அலுத்துவிட்டது. கனவு நின்றது, தூக்கமும் நின்றது. நான் தெளிந்ததைப் பார்த்த மாமனார், இப்போதுதான் தன் சூரணம் பிடிக்கிறது என்றார்.

மனு தள்ளுபடியானது. ஹட்டனில் ஒரு வக்கீலை, புரொக்டரை, போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அன்னைக்குப் பொய் சொன்னேன்னு சொல்லலாம். இல்ல, புத்தி கலங்கியிருந்துச்சுன்னு சொல்லலாம். எதைச் சொன்னாலும் பிரஜாவுரிமை குடுக்க யோசிப்பாங்க" என்றார். நான் நடந்ததை நடந்தபடியே அப்பீல் மனுவில் எழுதச் சொன்னேன். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். அதுவும் தள்ளுபடியானது. என் வாயால் சொன்னதுதான் நின்றது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மருந்து கொடுத்த மூவருமே எனக்கு நல்லது நினைத்தவர்கள்.

அந்த முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளும் இதே மலையில், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுத்து லயத்துக்குத் திரும்புவதைத் தவிர வேறு பயணம் போகாதவள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

"ஏங்க, அந்தக் கனவுல நானும் புள்ளைகளும் கூட வந்தோமா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட அவர்கள் வரவில்லை. "இல்ல, நான் மட்டுந்தான் போனேன்" என்றேன்.

அவள் சீப்பை நிறுத்தினாள்.

"அப்ப எங்க பேரை எதுக்குங்க வெட்டுனாங்க?" என்றாள்.