கிணற்றில் இறங்குகிறவரின் மூளையைப் படமெடுக்கப் போனோம்: திண்டுக்கல்லிலிருந்து மதுரை

மறதிக்காக ஸ்கேன் எடுக்க வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1988இல், ஒரு செவ்வாய்க்கிழமை. தூரம் அறுபத்தைந்து கிலோமீட்டர். இன்றைக்கு இயந்திரங்கள் மாறிவிட்டன, குழப்பம் மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

என் கணவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தீயைவிடக் கிணறுதான் அவர்களுக்கு அதிக வேலை வைக்கும். மாடு விழும், மனிதர் விழுவார். டீசல் மோட்டார் ஓடிய கிணற்றில் கெட்ட காற்று நிற்கும் என்பதால், முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இருபது வருடமாகப் புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், அந்த மாதம் கன்னிவாடிப் பக்கம் விளக்கை இறக்காமலே இறங்கிவிட்டார். மயங்கியவரை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "எறக்குனேனே" என்கிறார். வயது நாற்பத்தாறுதான். மூளையைப் படமெடுத்து, டாக்டர் சரி என்றால்தான் மறுபடி கிணற்று வேலை என்று நிலைய அலுவலர் சொல்லிவிட்டார்.

காலை ஆறேகாலுக்குப் பஸ். ஆளுக்கு ஐந்தரை ரூபாய். சின்னாளபட்டி தாண்டுவதற்குள், "எங்க போறோம்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை எரிந்து விழுந்தேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி. ஆனால் கொடைரோட்டுக்கு முன்னால் ஜன்னல் வழியே கையை நீட்டி, "அந்தா, அந்தத் தென்னந்தோப்புக் கெணறு அம்பத்தஞ்சு அடி. வடக்க பதினோரு படி, அதுக்குக் கீழ படி கெடையாது. ரெண்டு பேரத் தூக்குனேன்" என்கிறார். போகிற ஊர் நினைவில்லாதவருக்குப் படிக்கட்டுக் கணக்கு எப்படி நினைவிருக்கிறது? நோயாளி அவரா நானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எட்டரைக்கு மதுரை. ரிக்‌ஷா மூன்று ரூபாய், ஸ்கேன் ஆயிரத்து இருநூறு. பெரிய வளையத்துக்குள் தலையை வைத்து, அசையாமல் அரை மணி நேரம் படுக்க வேண்டும். மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

மூன்று மணிக்கு டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல. படத்துல ஒண்ணும் தெரியலம்மா."

"அப்ப அந்த மறதி?"

"ஆரம்பமா இருந்தா படத்துல தெரியாமலும் போகும்மா. ஆறு மாசங் கழிச்சுப் பாப்போம்."

இருக்கிறதா, இல்லையா? டாக்டருக்கே தெரியாததை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் நின்றேன். என் கணவருக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. நாளைக்கு டூட்டிக்குப் போறேன்" என்றார்.

மறுநாள் அவருக்கு முன்னால் நான் நிலையத்துக்குப் போய்விட்டேன். "சார், படம் நல்லாருக்கு, மனுசன் நல்லால்ல. அவரக் கெணத்துல எறக்காதீங்க" என்றேன். பின்னாலேயே வந்து நின்ற என் கணவர் அதைக் கேட்டுவிட்டார். அன்றே அவரைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே" என்றார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

போகிறவர்கள் முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள். முடிவு வர மதியம் தாண்டும், சாப்பாடு கையோடு இருக்கட்டும். முக்கியமாக, வீட்டில் எதையெல்லாம் மறந்தார், என்றைக்கு மறந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் வெறுங்கையோடு போய் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன வெஞ்சனம், புள்ள?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எம் மேல கோவம் போயிருச்சா?" என்றேன்.

"கோவமா? எதுக்கு?" என்று என் முகத்தையே பார்த்தார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.