மறியலில் படித்தவள்

"எக்காய்… தெக்காய்… துனாய்…"

பேர் பதியும் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் தேயிலை மலைக்குப் பிரிந்து போனதும், அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளோடு பிள்ளை மடுவத்தின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு வேலாயி எண்ணத் தொடங்குவாள். ஒவ்வொரு பிள்ளையின் உச்சந்தலையிலும் ஒரு விரல் படும். சேலைத் தொட்டிலில் கிடப்பது, தவழ்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மூக்கொழுக மூலையில் முறைத்துக்கொண்டிருப்பது, எதுவும் தப்பாது. மத்தியானம் ஒரு தரமும், சாயங்காலம் தாய்மார் வந்து தூக்கிப் போவதற்கு முன் ஒரு தரமும் இதே எண்ணிக்கை நடக்கும்.

பிள்ளைகளை எண்ணினால் கண்ணுபடும் என்று பிள்ளைக்காரிகள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். "தமிழ்ல எண்ணுனாத்தானடி கண்ணுபடும்? நான் சிங்களத்துலல்ல எண்ணுறேன். நம்ம ஊரு திருஷ்டிக்குச் சிங்களம் தெரியாது" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். எண்ணிக்கையையும் சிங்களத்தையும் அவள் கற்றுக்கொண்டது ஒரே இடத்தில்தான். கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சிய குற்றத்துக்குத் தண்டம் கட்ட வழியில்லாமல் பத்து மாதம் மறியலில், சிறைச்சாலையில், கிடந்துவிட்டு வந்தவள் அவள். இதை யாரும் காதோடு காதாகக் குசுகுசுக்க வேண்டியதில்லை. புதிதாகத் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். "எம் மகளப் பத்து மாசம் சுமந்தேன். மறியல்ல பத்து மாசம் கெடந்தேன். ரெண்டுலயும் வலி இருந்துச்சு."

நெடுநெடுவென்ற உடம்பு. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கொண்டையை இறுக்கி முடிந்திருப்பதைப் பார்த்தால் யார் மேலோ கோபம் போலத் தோன்றும். யார் மேலும் இல்லை. அவள் கொண்டையே அப்படித்தான். எதிரே சின்னத்துரை வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பாள், ஆனால் தலை குனியாது. "குனிஞ்சு பழகுனா முதுகு அப்புடியே நின்னுரும்" என்பாள்.

இலங்கை மலையகத்தின் டயகமப் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்களில் பிள்ளை மடுவம் உண்டு. பத்து அடி தூரத்திலேயே அழுகையும் மூத்திர வாடையும் வரவேற்கும். வேலாயியின் மடுவத்தில் அப்படி இல்லை. தகரத் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் கஞ்சி. மூன்று தட்டினால் கைகால் கழுவுதல். நான்கு தட்டினால் தூக்கம். நடக்கத் தெரிந்தவை தாமாகவே வந்து சாக்கில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். டாக்டரையா என்று எல்லோரும் அழைக்கும் தோட்டத்து மருந்துக்காரர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "என்ன வேலாயி, பட்டாளமா நடத்துற?" என்று கேட்டார். "இல்லீங்க, மறியலு. மணியடிச்சா சோறு, மணியடிச்சா தூக்கம். பெரியவங்களுக்குத்தாங்க அது தண்டன. புள்ளைகளுக்கு அதுதாங்க சொகம்" என்றாள்.

மறியலுக்கு முன் அவள் கொழுந்துக்காரி. புருஷன் பழனியாண்டிக்குச் சம்பளத்தில் பாதி சாராயத் தவறணையில் கரைந்துகொண்டிருந்தது. எவனோ காய்ச்சுவதை இவன் குடிப்பதற்குப் பதில் தானே காய்ச்சினால் என்ன என்று குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த ஓடைக்கரையில் பானை வைத்தாள். தொழில் தெரியாது. புகை மலையேறியது, வாடை துரையின் பங்களா வரைக்கும் போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டே கலால்காரர்கள் நேரே பானையடிக்கு வந்து நின்றார்கள்.

மறியலில் இரண்டு பேர் அவளுக்குப் பாடம் சொன்னார்கள். ஒருத்தி வார்டைப் பார்த்துக்கொண்ட காவல்காரி. நகம் வெட்டவும், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும், துணி தைக்கவும் அவள்தான் சொல்லித்தந்தாள். இன்னொருத்தி பக்கத்துப் பாயில் படுத்திருந்த சோமாவதி. அதே குற்றத்துக்காக நான்காவது முறை உள்ளே வந்தவள். வேலாயி பிடிபட்ட கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பாவம் பார்த்து, புகையில்லாமல் காய்ச்சுவதெப்படி, வாடையை அடக்குவதெப்படி என்று ராத்திரி ராத்திரியாக ஓதினாள். வேலாயி இரண்டு பாடங்களையும் ஒன்றுவிடாமல் படித்தாள். சிங்களமும் கூடவே ஒட்டிக்கொண்டது. இன்று தடுப்பூசி போட வரும் சிங்கள நோனாவிடம் கணக்கப்பிள்ளைமாரே திக்கித் திணறும்போது, வேலாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சரளமாகப் பேசுவாள். சிங்களமே ஆட்சிமொழி என்று சட்டமான பிறகு தோட்டத்தில் அவள் மதிப்புக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.

விடுதலையாகி அவள் லயத்துக்கு வந்த அன்று நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. பால்குடி மறந்த கையோடு விட்டுப்போன மகள் லெட்சுமி, நாத்தனாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டது. தூக்கப் போனால் வீரிட்டு அலறியது. நீதவான் தண்டனை சொன்னபோது அழாதவள், அன்று காம்பராவின் அடுப்பு மூலையில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். பிள்ளை அவளிடம் ஒட்டுவதற்கு ஒரு தீபாவளி வந்து போக வேண்டியிருந்தது.

விடுதலையான அந்த வாரமே கடைவீதியிலிருந்து ஓர் ஆள் வந்தான். சீனி தருகிறேன், பானை தருகிறேன், பாதிக்குப் பாதி என்றான். இதற்காகவே பத்து மாதம் படித்துவிட்டு வந்தவள்போல அவளுக்கு எல்லாம் தெரியும். ஓடையில் எந்த வளைவில் பானை வைத்தால் எவன் கண்ணுக்கும் படாது என்பதுகூட மனதில் ஓடியது. உள்ளே லெட்சுமியின் சிணுங்கல் கேட்டது. "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மடுவத்துப் பழைய ஆயா இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அந்த வேலைக்கு வேலாயி போய் நின்றாள். டாக்டரையா, "அரசாங்கம் திருத்தி அனுப்பியிருக்கு, குடுத்துப் பாக்கலாம்" என்றார். கண்டாக்கையா ஒப்பவில்லை. தோட்டத்து மேற்பார்வையெல்லாம் அவர் கையில். "மறியலுக்குப் போனவ திருந்துன கதை எங்கயாச்சும் இருக்கா? போகயில அரைக் களவாணி, வரயில முழுக் களவாணி." வேலாயி இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "மறியலு ஒரு பள்ளிக்கூடம்ங்க. அங்க நல்ல வாத்தியாரும் இருக்கு, கெட்ட வாத்தியாரும் இருக்கு. நான் ரெண்டு பேருகிட்டயும் படிச்சேன். பரீச்சை இங்கதாங்க." அந்த வாய்க்காகவோ என்னவோ, துரை வேலையைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பரீச்சை போன ஆடியில் வந்தது.

அவள் மடுவத்தில் பிள்ளைகள் அயர்ந்து தூங்குவதே வினையாகிவிட்டது. அழுகிற பிள்ளையைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்த்துத்தான், கசிப்புக்காரியாயிற்றே, ஒரு சொட்டு நாக்கில் தடவி விடுகிறாளோ என்று கொழுந்து மலையில் பேச்சு முளைத்தது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். மலைநாட்டில் பனைமரம் இல்லை. பழமொழி மட்டும் எப்படியோ கப்பலேறி வந்து சேர்ந்திருக்கிறது.

சம்பள நாளுக்கு மறுநாள் சாயங்காலம் மீனம்மா தன் மகன் அழகனைத் தூக்கிக்கொண்டு போனாள். தலைச்சன் பிள்ளை, இன்னும் நடை பழகவில்லை. வீட்டில் அவனை இறக்கும்போது குப்பென்று சாராய வாடை அடித்தது. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா முன் நின்று அழுதாள். "எம் புள்ளைக்கு ஊத்திக் குடுத்துட்டாய்யா அவ!"

"ஒண்ணும் நடக்காத மாதிரி புள்ளைய விட்டுட்டு வா. மத்தியானம் கொழுந்துத் தராசு முடிஞ்சதும் சொல்லாமப் போயிப் பாப்போம். மணந்துச்சுன்னா இன்னைக்கே அவ பேர வெட்டிருறேன்" என்றார் கண்டாக்கையா.

பேர் வெட்டினால் வேலை போகும். வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். வேலாயிக்குத் தெரிந்ததில் மிச்சமிருப்பது ஒரே தொழில்தான். அதற்குச் சீனி தர ஆள் காத்திருந்தான்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு, மலைக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைக்காரிகள் கூடையோடு மடுவத்துக்கு வந்தார்கள். முன்னால் குடையோடு கண்டாக்கையா. கதவைத் திறந்த வேலாயிக்கு அவர்கள் முகங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கொண்டை ஒரு மயிரளவும் அசையவில்லை.

"சப்பாத்தக் கழட்டிட்டு வாங்கய்யா. புள்ளைக தவழுற எடம்."

கண்டாக்கையா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார்.

சாக்கு வரிசையில் பிள்ளைகள் வாயைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. தாய்மார்கள் குனிந்து ஒவ்வொரு வாயாக மோந்தார்கள். கஞ்சி வாடை, பால் வாடை, தேங்காய் எண்ணெய் வாடை. சிலருக்கு அப்போதே முகம் தொங்கிவிட்டது. மீனம்மா தன் மகனைத் தூக்கினாள். "மணக்குது! ஐயா, மணக்குது, வந்து பாருங்க!"

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் கண்டாக்கையா.

வேலாயி விறுவிறுவென்று வந்தாள். குனிந்து ஒரே ஒரு தரம் மூச்சை இழுத்தாள். "கம்பளிய எடுடி."

"எதுக்குக்கா?"

"எடு சொல்றேன்."

தூற்றலுக்காக மீனம்மா முந்தின நாளும் அன்றும் பிள்ளையைப் புருஷனின் கம்பளியில் சுற்றிக்கொண்டுவந்து விட்டிருந்தாள். கம்பளியை உருவி ஓரமாகப் போட்டதும், "இப்ப வாய மோந்து பாரு" என்றாள் வேலாயி. மீனம்மா மோந்தாள். வெறும் பால்தான் மணத்தது. கம்பளியை எடுத்து மோந்த கண்டாக்கையா முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கீழே போட்டார்.

"இது தவறணைச் சாராயம். சம்பளத்தன்னைக்கு ஒம் புருசன் பாதியக் குடிச்சு மீதியத் தோள்ல ஊத்திக்கிட்டு வந்துருக்கான். ஒன் வீட்டு வாடைக்கு எம் பேர வெட்ட வந்துட்டியாடி?" வேலாயி குனிந்து கம்பளியை எடுத்து மீனம்மாவின் கூடையில் போட்டாள். உடனே நிமிர்ந்துகொண்டாள். "எஞ் சரக்கா இருந்தா மணக்கவே மணக்காது. அதுக்குத்தான் மறியல்ல படிச்சிட்டு வந்துருக்கேன்!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கண்டாக்கையா விடவில்லை. "அப்ப இன்னமும் காய்ச்சத் தெரியும்ங்கிற?"

"நல்லாவே தெரியும்ங்க. முன்னைய விட நல்லாத் தெரியும். ஆனா காய்ச்சலைங்க. காய்ச்சத் தெரியாதவ காய்ச்சாம இருக்குறதுல என்னாங்க பெரும?"

கண்டாக்கையா குடையை எடுத்துக்கொண்டார். "எல்லாம் மலைக்குப் போங்க, நேரமாச்சு" என்று பெண்களை விரட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து சப்பாத்தை மாட்டினார். எழுந்தவர் திரும்பிப் பார்க்காமலே, "வேலையப் பாரு வேலாயி" என்றார்.

இந்தச் சந்தடியில் பிள்ளைகள் விழித்துக்கொண்டன. மீனம்மாவின் இடுப்பிலிருந்த அழகன் அம்மாவைப் பார்த்தான், வேலாயியைப் பார்த்தான், இரண்டு கைகளையும் வேலாயி பக்கம் நீட்டிக்கொண்டு தாவினான். "பாருடி, புள்ளையே சாட்சி சொல்லுது!" என்று பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மீனம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு உதடு துடித்தது. பிள்ளையை இறுக்க இறுக்க அவன் திமிறினான்.

வேலாயி அந்த முகத்தைப் பார்த்தாள், லெட்சுமி தன்னை யாரென்று கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். அழகன் அலறினான், விரல்களை மடக்கி மடக்கி அழைத்தான். அவள் அசையாமல் நின்றாள். அழுது ஓய்ந்து, தாயின் தோளில் அவன் தலை சாய்ந்த பிறகுதான் அவள் கைகளைப் பிரித்தாள்.